பட்டினி என்று எழுதப்படாத மரணங்கள்

பசி என்ற ஒரே சொல்லால் நாம் இரண்டு வேறு நிலைகளைக் குறிப்பிடுகிறோம். உணவு வேளை தவறும்போது வயிறு செய்யும் முறைப்பாடும் பசிதான். நாளைய உணவுக்கு என்ன வழி என்பது தெரியாமல் ஒரு தாய் அடுப்பை அணைத்துவிட்டுப் படுப்பதும் பசிதான். முதலாவதை எல்லோரும் அறிவோம். இரண்டாவதைப் பற்றி எழுதுகிறவர்களும் பேசுகிறவர்களும் பெரும்பாலும் அதனை அனுபவியாதவர்கள். இதனை எழுதுகின்ற நானும் அவர்களுள் ஒருவன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். எழுபதுகளில் பாணுக்காக விடியற்காலையில் வரிசையில் நின்றிருக்கிறேன். மரவள்ளிக்கிழங்கை நாட்கணக்கில் உண்டிருக்கிறேன். ஆனால் அது பசியன்று, வசதிக்குறைவு. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் சென்றன.

ஐக்கிய நாடுகளின் அமைப்புக்கள் 2025 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2024 ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 67 கோடியே 30 இலட்சம் பேர் பசியுடன் வாழ்ந்தனர். பன்னிரண்டு பேரில் ஒருவர் என்று கொள்ளலாம். அதே உலகில் 2022 என்ற ஒரே ஆண்டில் வீடுகளிலும் உணவகங்களிலும் கடைகளிலும் வீணாகிப்போன உணவு 105 கோடி தொன் என்று ஐ.நா. சுற்றாடல் திட்டம் கணக்கிட்டுள்ளது. இவ்விரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும் எவருக்கும், உணவு போதாமையே பசிக்குக் காரணம் என்ற பழைய விளக்கத்தில் ஐயம் எழுதல் இயல்பே.

அப்படியானால் உண்மையான காரணம் யாது? என் கருத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாட்டில் எவ்வளவு உணவு இருக்கிறது என்பதைவிட, அந்நாட்டில் யாருடைய குரல் கேட்கப்படுகிறது என்பதே பட்டினி கிடப்பவர் யார் என்பதைத் தீர்மானிக்கிறது. இதற்குச் சான்று தேடி நாம் வெகுதூரம் செல்லவேண்டியதில்லை. இலங்கையின் வரலாறே போதும். அந்த வரலாற்றின் ஒரு பக்கத்தில் என்னுடைய தவறு ஒன்றும் இருக்கிறது.

ஒரு கடிதம்

1974 ஆம் ஆண்டின் நடுப்பகுதி. கொழும்பிலிருந்து வெளிவந்த ஒரு தமிழ்ப் பத்திரிகையின் ஆசிரிய பீடத்தில் நான் இளைய உதவி ஆசிரியன். மலையகத்துப் பகுதிநேர நிருபர் ஒருவரிடமிருந்து தபாலில் ஒரு கடிதம் வந்தது. அப்பியாசக் கொப்பித் தாள்கள் இரண்டு. தமது பகுதித் தோட்டமொன்றில் ஆறு வாரங்களுக்குள் இறந்தவர்களின் பெயர், வயது, காரணம் ஆகியவற்றை வரிசையாக எழுதியிருந்தார். மொத்தம் பதினொரு பேர். அவர்களில் ஆறு பேர் குழந்தைகள், மூவர் முதியவர்கள். காரணம் என்ற இடத்தில் வயிற்றோட்டம், சளிச்சுரம், இரத்தமின்மை, பலவீனம் என்று எழுதப்பட்டிருந்தது. கடிதத்தின் முடிவில், "இவர்கள் எல்லோரும் சாப்பாடு இல்லாமல் செத்தவர்கள்" என்று ஒரே ஒரு வரி.

நான் அதனை மூத்தவர் ஒருவரிடம் கொண்டுசென்றேன். அவர் இருமுறை வாசித்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இந்தப் பட்டியலிலை பட்டினி எண்டு ஒரு இடத்திலையும் இல்லையே. இல்லாததை நாங்கள் எப்பிடித் தலைப்பிலை போடுறது?"

அவர் கொடியவரல்லர். அவசரகாலச் சட்டம் நடைமுறையில் இருந்த காலம் அது. 1973 இல் ஏரிக்கரைப் பத்திரிகை நிறுவனம் சட்டமொன்றின் மூலம் அரசின் கைக்குச் சென்றிருந்தது. 1974 இல் தவச பத்திரிகை நிறுவனம் இழுத்து மூடப்பட்டது. ஒவ்வொரு வரியையும் எடைபோட்டே அச்சுக்கு அனுப்பினோம். இறுதியில் அந்தக் கடிதம், "தோட்டப் பகுதிகளில் வயிற்றோட்ட நோய்" என்ற தலைப்பில் நான்கு வரிச் செய்தியாக உட்பக்கத்தில் வெளிவந்தது. அதனைச் சுருக்கியவன் நான். சுருக்கியதில் இலக்கணப் பிழை எதுவும் இருக்கவில்லை.

அந்த மூத்தவர் கேட்ட கேள்விக்கான விடை எனக்குப் பின்னர்தான் தெரிந்தது. பட்டினியால் இறப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பட்டினியால் இறந்ததாகப் பதியப்படுவதில்லை. போதிய உணவில்லாத உடல் நோயை எதிர்க்கும் வலுவை முதலில் இழக்கிறது. உண்டு வளர்ந்த குழந்தைக்கு மூன்று நாளில் மாறிப்போகும் வயிற்றோட்டம், மெலிந்த குழந்தையைக் கொன்றுவிடுகிறது. சின்னமுத்தும் நெஞ்சுச்சளியும் அப்படியே. உலகில் ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளின் மரணங்களில் ஏறத்தாழ அரைப் பங்கு போசாக்கின்மையுடன் தொடர்புடையது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. ஆயினும் பதிவேட்டில் நோயின் பெயர்தான் இருக்கும். பசி தன் பெயரில் கொலை செய்வதில்லை.

வங்காளமும் இலங்கையும்

பஞ்சம் என்றதும் வானம் பொய்த்ததையும் வயல் வெடித்ததையுமே நாம் நினைக்கிறோம். இந்த எண்ணத்தை ஆட்டங்காணச் செய்தவர் பொருளியலாளர் அமர்த்தியா சென். 1943 ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சத்தைச் சிறுவனாகக் கண்டவர் அவர். அப்பஞ்சத்தில் மாண்டோர் தொகை சுமார் 30 இலட்சம் என்பது பொதுவாக ஏற்கப்படும் மதிப்பீடு. 1981 இல் வெளியான வறுமையும் பஞ்சங்களும் பற்றிய தமது நூலில் அவர் காட்டியது இதுதான்: 1943 இல் வங்காளத்திலிருந்த உணவின் அளவு முந்திய ஐந்தாண்டுச் சராசரியிலும் சுமார் 5 வீதமே குறைவு, பஞ்சமில்லாத 1941 ஐ விட அது அதிகம்.

உணவு இருந்தது, அதனை வாங்கும் வலு ஏழைகளிடம் இருக்கவில்லை. யுத்தச் செலவினால் விலைகள் ஏறின. வணிகர்கள் பதுக்கினர். ஜப்பானியர் கையில் சிக்கிவிடக்கூடாது என்று கரையோரத்துப் படகுகளை 1942 இல் பிரித்தானிய நிர்வாகம் பறிமுதல் செய்ததால் மீனவரும் படகோட்டிகளும் பிழைப்பை இழந்தனர். கல்கத்தாவின் ஆலைத் தொழிலாளருக்கும் அரச ஊழியருக்கும் மலிவு விலையில் அரிசி கிடைத்தது. கிராமத்து விவசாயக் கூலிகளும் மீனவரும் செத்தனர். நெல்லை விளைவித்தவனின் கூலியாள் நெல்லின்றி மடிந்தான் என்பதே அப்பஞ்சத்தின் சாரம்.

அது பஞ்சம் என்று ஆட்சியாளர் அறிவிக்கவேயில்லை. கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகை 1943 ஓகஸ்டில் தெருவில் கிடந்த பிணங்களின் படங்களை வெளியிட்ட பின்னரே இலண்டனும் உலகமும் விழித்துக்கொண்டன. அதன் ஆசிரியர் இயன் ஸ்டீபன்ஸ் ஓர் ஆங்கிலேயர். தணிக்கை விதிகளில் படங்கள் பற்றி எதுவும் கூறப்படாததைப் பயன்படுத்திக்கொண்டவர். சுதந்திரமான பத்திரிகைகளும் தேர்தலும் உள்ள நாட்டில் பெரும் பஞ்சம் ஏற்படுவதில்லை என்ற சென்னின் பிற்காலக் கருத்துக்கு இதுவும் ஓர் அடிப்படை. எதிர்மறைச் சான்றாக அவர் காட்டுவது சீனா. 1959 தொடக்கம் 1961 வரை அங்கு கோடிக்கணக்கானோர் மாண்டபோது அதனைச் சொல்ல ஒரு பத்திரிகை இருக்கவில்லை. கேட்க ஓர் எதிர்க்கட்சி இருக்கவில்லை.

இதே கண்ணாடி வழியாக நம் தீவைப் பார்ப்போம். இலங்கையும் பர்மிய அரிசியில் தங்கியிருந்த நாடு. 1942 இல் பர்மா வீழ்ந்தபோது இங்கும் பஞ்சம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. அந்த ஆண்டே அரிசிப் பங்கீடு தொடங்கியது. எங்கள் பெற்றோரின் தலைமுறை கூப்பன் என்று அழைத்தது இதனைத்தான். நேச நாடுகளுக்கு இலங்கையின் இறப்பரும் துறைமுகங்களும் தேவைப்பட்டன என்பது ஒரு காரணம். மற்றக் காரணம், 1931 முதல் இங்கு சர்வசன வாக்குரிமை இருந்தமை. அமைச்சர்கள் மக்களிடம் திரும்பிச் செல்லவேண்டியவர்களாக இருந்தனர்.

வாக்குக்கும் அரிசிக்கும் உள்ள தொடர்பு 1953 இல் ஐயமின்றி வெளிப்பட்டது. பங்கீட்டு அரிசியின் விலையைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக அரசு உயர்த்தியது. பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவும் நிறுத்தப்பட்டது. ஓகஸ்ட் 12 ஆம் திகதி நாடு தழுவிய ஹர்த்தால். பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் பலர் உயிரிழந்தனர். அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடவேண்டிய நிலை ஏற்பட்டது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி துறந்தார். புதிய அரசு அரிசி விலையைக் குறைத்தது. அதன் பின்னர் இருபது ஆண்டுகள், அரிசியில் கைவைக்க எந்தப் பிரதமரும் இலகுவில் துணியவில்லை.

ஒரே ஆண்டு, இரு தமிழர்

ஆனால் 1953 இல் வாக்குரிமை இல்லாத ஒரு மக்கள் கூட்டமும் இத்தீவில் இருந்தது. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் 1949 ஆம் ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தமும் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராகவும் வாக்கற்றவராகவும் ஆக்கியிருந்தன. 1947 இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1952 இல் ஒருவரையும் அனுப்ப இயலவில்லை. மலையகத்தவரின் வாக்குகளால் அடுத்த உறுப்பினர் தெரிவாக 1977 வரை காத்திருக்க நேர்ந்தது. இந்த இடைவெளியில்தான் 1974 வருகிறது.

1973 இல் எண்ணெய் விலையும் உலகச் சந்தையில் தானியங்களின் விலையும் ஏறின. அந்நியச் செலாவணி இல்லை. 1970 தேர்தலில் இரண்டு கொத்து அரிசி தருவதாக வாக்களித்து வந்த அரசு பங்கீட்டைக் குறைத்தது. மாவும் சீனியும் குறைந்தன. நெல்லையும் அரிசியையும் மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுசெல்லக் கட்டுப்பாடுகள் வந்தன. வாரத்தில் சில நாட்களில் உணவகங்களில் சோறு விற்கவும் தடை.

இக்காலத்தை யாழ்ப்பாணத்து விவசாயி ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். முகம் மலரும். மிளகாய், வெங்காய இறக்குமதி தடைசெய்யப்பட்டதால் வடக்கின் தோட்டக் காணிகளில் பணம் விளைந்த காலம் அது. கல்வீடுகள் எழுந்தன, உழவு இயந்திரங்கள் வந்தன. அந்த ஆண்டுகளைப் பொற்காலம் என்று சொல்லும் முதியவர்களை நான் இன்றும் சந்திக்கிறேன். அவர்கள் பொய் சொல்லவில்லை.

அதே ஆண்டுகளில் தேயிலைத் தோட்டங்களில் நடந்தது வேறு. தொழிலாளியிடம் கூப்பனும் நாட்கூலியும் மட்டுமே இருந்தன. லயத்தைச் சுற்றியுள்ள ஏக்கர் கணக்கான நிலத்தில் ஓர் அடி கூட அவருக்குச் சொந்தமில்லை. பசுமைக்கு நடுவே மரவள்ளித் தடி ஒன்றை ஊன்றவும் அனுமதி வேண்டும். கூப்பன் மா குறைந்தபோது, வெளிச்சந்தையில் வாங்குவதற்குக் கூலி போதவில்லை. நோய்க்கு மருந்து கேட்டுச் சென்றால், தோட்டத்து மருந்தகத்தில் கிடைப்பது மருந்துதான், உணவன்று. 1974 இல் இலங்கையின் மரண வீதம் உயர்ந்தது. தோட்டப் பகுதிகளில் அந்த உயர்வு ஏனைய பகுதிகளைக் காட்டிலும் பன்மடங்கு கூர்மையாக இருந்தது என்பதை அரசின் பதிவுகளே காட்டுகின்றன. அந்தப் பதிவுகளின் சிறு துளிதான் என் மேசைக்கு வந்த இரண்டு தாள்கள்.

அதே 1974 இன் ஜனவரியில் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் கூடி, 1964 உடன்படிக்கையில் எஞ்சியிருந்த ஒன்றரை இலட்சம் மலையகத் தமிழரை ஆளுக்கு 75 ஆயிரமாகப் பிரித்துக்கொண்டனர். அவர்கள் எந்த நாட்டுக்குரியவர் என்பது பேசப்பட்டது. அந்த ஆண்டு அவர்கள் எதை உண்பார்கள் என்பது பேசப்படவில்லை.

ஒரே தீவு, ஒரே அரசு, ஒரே கொள்கை. நிலம் வைத்திருந்தவருக்கு அது வளம். வாக்கு வைத்திருந்தவர்க்கு அது வரிசையும் எரிச்சலும். அந்த எரிச்சலை 1977 தேர்தலில் தீர்த்துக்கொண்டனர். ஆளுங்கட்சி எட்டு ஆசனங்களுடன் வீடு சென்றது. தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு. எனினும் வரிசைகளை வாக்காளர் மறக்கவில்லை. நிலமும் வாக்கும் இல்லாதவருக்கோ அதே கொள்கை மரணமாயிற்று. இதில் இன்னொரு வெட்கமும் உண்டு. வடக்கு, கிழக்குத் தமிழர்களாகிய நாம் அந்நாட்களில் தரப்படுத்தல் பற்றியும் மொழி பற்றியும் நியாயமாகவே குரல் எழுப்பினோம். தமிழ் பேசும் இன்னொரு மக்கள் மாவின்றிச் செத்ததற்கு அதே அளவில் குரல் எழுப்பினோமா? என் நான்கு வரிச் செய்தியைப் பற்றி ஒரு வாசகர் கடிதமும் வரவில்லை.

உடலில் எழுதப்பட்ட வரலாறு

பஞ்சம் முடிந்ததும் பசி முடிந்துவிடுகிறது என்று எண்ணுவது தவறு. அமெரிக்காவின் மினசோட்டாவில் 1944 - 45 இல் ஓர் ஆய்வு நடந்தது. யுத்தத்தில் ஆயுதமேந்த மறுத்த 36 இளைஞர்கள், பசித்தவர்களை எவ்விதம் மீட்பது என்று அறிவதற்காகத் தாமாக முன்வந்து அரைப்பட்டினி கிடந்தனர். ஆறு மாதங்களில் உடல் எடையில் ஏறத்தாழ காற்பங்கை இழந்தனர். உடல் மெலிந்தது மட்டுமன்று, மனமும் சுருங்கியது. நகைச்சுவை போயிற்று, நட்பு போயிற்று, சமையற் புத்தகங்களை வாசித்துக்கொண்டே பொழுதைக் கழித்தனர். பசித்தவர்கள் ஏன் கிளர்ந்தெழுவதில்லை என்று கேட்பவர்களுக்கு இதில் விடை உண்டு. பட்டினி முதலில் பறிப்பது எழுந்து நிற்கும் விருப்பத்தை.

நெதர்லாந்தில் 1944 - 45 குளிர்காலத்தில் நாஜிகளின் தடையினால் ஏற்பட்ட பஞ்சம் இன்னொரு பாடம். அப்போது தாயின் வயிற்றிலிருந்த குழந்தைகளை மருத்துவர்கள் முதுமை வரை பின்தொடர்ந்து ஆராய்ந்தனர். நீரிழிவு, இருதய நோய் போன்றவை அவர்களிடையே கூடுதலாகக் காணப்பட்டன. பிறப்பதற்கு முன்னர் பட்ட சில மாதப் பசி, ஐம்பது அறுபது ஆண்டுகள் கழித்தும் உடலில் இருந்தது.

சில மாதப் பசிக்கே இந்நிலையென்றால், தலைமுறைகளாகத் தொடரும் பசிக்கு? 2016 ஆம் ஆண்டின் இலங்கைக் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர் நாடளாவிய ரீதியில் 17 வீதம். தோட்டத்துறையில் ஏறத்தாழ 32 வீதம். மூன்று குழந்தைகளில் ஒன்று. மலையகத்தார் இயல்பிலேயே குட்டையானவர்கள் என்று பேசும் படித்தவர்களை நான் கேட்டிருக்கிறேன். அது இயல்பன்று. இரத்தசோகையுள்ள தாய், எடை குறைந்த குழந்தை, அக்குழந்தை வளர்ந்து மீண்டும் இரத்தசோகையுள்ள தாய் என்று சுழலும் வரலாறு. முதல் இரண்டு வயதுக்குள் இழந்த வளர்ச்சியைப் பின்னர் முழுமையாக மீட்பது அரிது. உயரத்துடன் கற்கும் ஆற்றலும், கற்றலுடன் பின்னாளில் ஈட்டும் வருமானமும் குறைகின்றன. பசி வறுமையின் விளைவு மட்டுமன்று. அடுத்த தலைமுறை வறுமையின் காரணமும் அதுவே.

கஞ்சி வரிசை

எழுபதுகளின் பசியும் அதனைத் தொடர்ந்த இன வன்செயல்களும் பல்லாயிரம் மலையகக் குடும்பங்களை வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் தள்ளின. காடு வெட்டிக் குடியேறினர். வன்னிக் கமக்காரரின் வயல்களில் கூலிகளாயினர். 2009 இல் முள்ளிவாய்க்காலில் கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்களிடையே அவர்களும் அவர்களது பிள்ளைகளும் கணிசமாக இருந்தனர். ஒரே வாழ்நாளில் இரண்டு பட்டினிகளைக் கண்டவர்கள் அவர்கள்.

வன்னியில் உணவு ஏன் இருக்கவில்லை? வறட்சியாலன்று. போர் வலயத்தில் சிக்கியிருந்த மக்களின் தொகையை அரசு வேண்டுமென்றே குறைத்து மதிப்பிட்டு, உணவையும் மருந்தையும் அவர்களுக்குக் கிடைக்காமற் செய்தது என்று ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011 இல் கூறியது. விடுதலைப் புலிகள் மக்களை வெளியேறவிடாது தடுத்தனர் என்பதையும் அதே குழு கூறியது. இறுதியில் முகாம்களை வந்தடைந்தோர் இரண்டரை இலட்சத்திற்கும் அதிகம். எண்ணப்படாத மனிதனுக்கு உணவு ஒதுக்கப்படுவதில்லை. 1974 இல் பதிவேட்டில் காரணம் மறைந்தது. 2009 இல் மனிதர்களே கணக்கிலிருந்து மறைந்தனர்.

பொதுமக்களைப் பட்டினி போடுவதைப் போர்முறையாகக் கொள்வதைக் கண்டித்து ஐ.நா. பாதுகாப்புச் சபை 2018 இல் தீர்மானம் நிறைவேற்றியது. ஆயினும் 2024 ஓகஸ்டில் சூடானின் சம்சம் முகாமிலும் 2025 ஓகஸ்டில் காசாவிலும் பஞ்சம் நிலவுவதைச் சர்வதேச நிபுணர்கள் உறுதிப்படுத்தினர். இரண்டிடத்திலும் காரணம் முற்றுகையும் யுத்தமுமே. இன்றைய உலகில் பெரும் பஞ்சங்களை மழை உண்டாக்குவதில்லை, கட்டளைகள் உண்டாக்குகின்றன.

2022 சொன்னது

இவ்விடத்தில் ஒரு மறுப்பையும் எதிர்கொள்ளவேண்டும். உணவு உற்பத்தி முக்கியமில்லையா என்று கேட்கலாம். முக்கியந்தான். 2021 இல் இரசாயன உர இறக்குமதி ஒரே இரவில் தடைசெய்யப்பட்டபோது, விவசாயிகளின் எச்சரிக்கையை எவரும் கேட்கவில்லை. 2022 இல் நெல் உற்பத்தி முந்திய ஆண்டைவிட ஐந்தில் இரண்டு பங்கு குறைந்ததாக ஐ.நா. அமைப்புக்கள் மதிப்பிட்டன. இறக்குமதி செய்யவோ டொலர் இல்லை. 63 இலட்சம் மக்கள் உணவுப் பாதுகாப்பற்ற நிலைக்குத் தள்ளப்பட்டனர். செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் ஏறத்தாழ 95 வீதத்தைத் தொட்டது. இங்கு உணவும் குறைந்தது, வாங்கும் வலுவும் குறைந்தது. ஆனால் அந்த உற்பத்திக் குறைவும் வானத்திலிருந்து வந்ததன்று. கேளாச் செவியிலிருந்து வந்தது.

அந்த யூலையில் ஜனாதிபதி நாட்டை விட்டு ஓடினார். 1953 இன் பாடம் மீண்டும் நிரூபிக்கப்பட்டது. வாக்குள்ளவரின் அடுப்பு அணையும்போது ஆட்சி நிலைப்பதில்லை.

ஆனால் இம்முறை மலையகத் தமிழரிடமும் வாக்கு இருந்தது. பாராளுமன்றத்தில் உறுப்பினர் இருந்தனர், அமைச்சர்களும் இருந்திருக்கின்றனர். ஆயினும் உலக உணவுத் திட்டத்தின் கணிப்புக்களில் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டோர் தோட்டத்துறையினரே. ரொட்டிக்குரிய கோதுமை மாவின் விலை பன்மடங்காக ஏறியபோது கூலி ஏறவில்லை. நிலம் அப்போதும் அவர்களுடையதாக இருக்கவில்லை. வாக்கு பஞ்சத்தைத் தடுக்கும்; நாள்தோறும் அரிக்கும் பசியைத் தானாகத் தடுத்துவிடாது என்பதைச் சென்னும் வலியுறுத்தியுள்ளார். இந்தியாவில் சுதந்திரத்தின் பின் வங்காளம் போன்ற ஒரு பஞ்சம் இல்லை. ஆயினும் 2019 - 21 குடும்பநல ஆய்வின்படி அங்கு ஐந்து வயதிற்குட்பட்டோரில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் வளர்ச்சி குன்றியவர்கள். தெருவில் கிடக்கும் பிணம் செய்தியாகிறது. இரண்டு அங்குலம் உயரம் குறைந்த குழந்தை செய்தியாவதில்லை.

நாம் செய்யக்கூடியது

புலம்பெயர்ந்து வாழும் வாசகர்கள் பலர் உலர் உணவுப் பொதிகளுக்குப் பணம் அனுப்புகிறார்கள். 2022 இல் அந்தப் பொதிகள் பல குடும்பங்களைக் காப்பாற்றின. அதனைக் குறைகூற எனக்குத் தகுதியில்லை. ஆனால் பொதி ஒரு மாதத்துக்கானது. பொதி ஏன் தேவைப்பட்டது என்ற கேள்வி பல தலைமுறைகளுக்கானது. உதவும் கையுடன் கேட்கும் வாயும் வேண்டும். அந்தக் குடும்பத்துக்கு வீட்டுக்காணி உறுதி இருக்கிறதா? கூலி விலைவாசியுடன் சேர்ந்து ஏறுகிறதா? கர்ப்பிணித் தாய்க்குரிய போசாக்கு உணவு மாதந்தோறும் வந்துசேருகிறதா? பாலர் நிலையத்தின் எடை அட்டையில் குழந்தையின் கோடு ஏறுகிறதா, இறங்குகிறதா? இந்த நான்கு கேள்விகளையும் பணம் அனுப்புகிற சங்கங்கள் கேட்டால், அரசியல்வாதிகளும் கேட்கவேண்டிவரும்.

ஆண்டுதோறும் மே மாதத்தில் முள்ளிவாய்க்கால் கஞ்சியை நாம் அருந்துகிறோம். 2024 இல் அதனைப் பகிர்ந்ததற்காகச் சம்பூரில் சிலர் கைதாகவும் நேர்ந்தது. அரிசியும் நீரும் உப்பும் மட்டுமான அந்தக் கஞ்சி நினைவுக்குரியது. அந்த நினைவு வன்னி எல்லையுடன் நின்றுவிடக்கூடாது. 1974 இல் மலையக லயங்களில் கஞ்சியும் கிடைக்காமற் போனவர்களுக்கு நினைவுநாள் எதுவும் இல்லை.

பத்திரிகைத் துறையிலுள்ள இளையவர்களிடம் ஒன்று சொல்ல விரும்புகிறேன். பஞ்சம் என்று எவரும் உங்களுக்கு அறிக்கை அனுப்பமாட்டார்கள். மருத்துவமனையின் எடை அட்டைகளையும் பாடசாலையின் வரவு இடாப்பையும் மரணப் பதிவேட்டையும் நீங்கள்தான் சென்று பார்க்கவேண்டும். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதோடு நின்றுவிடாமல், இறந்தவர் கடைசியாக என்ன சாப்பிட்டார், எப்போது சாப்பிட்டார் என்று வீட்டாரிடம் கேளுங்கள்.

அந்தப் பகுதிநேர நிருபர் இதனைச் செய்திருந்தார். தபாற் செலவைத் தம் கையிலிருந்து கொடுத்து அனுப்பியிருந்தார். அவருடைய கடிதத்தை நான் பாதுகாத்து வைக்கவில்லை. பதினொரு பெயர்களில் ஒன்றையேனும் நினைவுகூர முயன்று பார்க்கிறேன்; முடியவில்லை. வயதுகள் மட்டும் நினைவிலுள்ளன. இருவருக்கு ஒரு வயதும் நிரம்பவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னர் அவர்களைப் பற்றி இத்தனை பக்கங்கள் எழுதுவதால் அந்த நான்கு வரிகள் நீண்டுவிடப் போவதில்லை. ஆயினும் அவர்கள் வயிற்றோட்டத்தால் இறக்கவில்லை, பட்டினியால் இறந்தார்கள் என்பதை இப்போதாவது எழுதிவைக்கிறேன்.